கண்ணாடித் துண்டில் ஒரு படிகம்: குறைக்கடத்தி மென்படல ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவருக்கு

ஹாட் பிளேட்டின் மேல் ஆறு கண்ணாடித் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. இடது ஓரத்தில் இருப்பது கரிக்கறுப்பு. அடுத்ததும் கறுப்புதான், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் பழுப்பு தெரியும். போகப் போகச் செம்பழுப்பு, செங்காவி, கடைசித் துண்டு நல்ல ஆரஞ்சு. ஆறிலும் ஈயம் ஒரே அளவு, சுழற்றிய வேகம் ஒன்று, சூடாக்கிய நேரம் ஒன்று. அயோடைடு இருந்த இடத்தில் எவ்வளவு புரோமைடு போய் உட்கார்ந்தது என்பது மட்டும்தான் துண்டுக்குத் துண்டு வேறு. நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்கியிருக்கிறது, ஓரிடத்தில் படிகத்தின் வடிவமே மாறியிருக்கிறது. இந்தத் தொடரை எப்படிச் செய்வது, எப்படி அளப்பது, எங்கெங்கே ஏமாந்துபோவோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இந்த வேலைக்கு வரும் தமிழர்களில் நான் அதிகம் பார்ப்பது மூன்று வகையினரை. தமிழ்நாட்டில் இயற்பியலோ வேதியியலோ முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கோ சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கோ வருபவர்கள். இங்கேயே பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து வேலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கத்துச் சில்லுத் தொழிற்சாலைகளில் கருவிகளோடு ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, ‘இந்தப் படலத்துக்குள்ளே என்னதான் நடக்கிறது’ என்று கேட்கத் தொடங்கியவர்கள். மூவருக்கும் முதல் நாளே நான் சொல்வது ஒன்றுதான்: தராசில் எடைபோட்ட கலவை வேறு, படலத்துக்குள் போய்ச் சேர்ந்த கலவை வேறு. இரண்டும் பல நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சில நேரம் வெகுதூரம் விலகிப்போயிருக்கும். படிக அமைப்பு கேட்பது இரண்டாவதன் பேச்சை.

உதாரணத்துக்கு ஈய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டை எடுத்துக்கொள்கிறேன். ஹாலைடு என்றால் இங்கே அயோடைடு, புரோமைடு. பெரோவ்ஸ்கைட் ஒரு படிக அமைப்பின் பெயர், படி 1இல் வரைந்து காட்டுகிறேன். கரைசலிலிருந்து ஒரே பிற்பகலில் படலம் போட்டுவிடலாம், வெற்றிடக் கருவி தேவையில்லை, கலவை மாறினால் நிறமே சொல்லிவிடும். கற்றுக்கொள்ள இதைவிட வசதியான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. சிலிக்கான், ஜெர்மானியம், காலியம் நைட்ரைடு பக்கம் கடைசியில் வருகிறேன்.

கலவை மாறினால் படிகத்துக்கு என்ன ஆகும்?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் மாலை கட்டுபவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரே நாரில் பெரிய செவ்வந்தியையும் சின்னச் சம்பங்கியையும் கலந்து கட்டினால், பூவுக்குப் பூ உள்ள சராசரி இடைவெளி எந்தப் பூ எத்தனை என்பதைப் பொறுத்து இருக்கும். படிகமும் கிட்டத்தட்ட அப்படித்தான். படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கி வரும் மிகச் சிறிய பெட்டியை அலகுக்கூடு என்கிறோம். சிலிக்கானின் அலகுக்கூட்டு நீளம் 5.431 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), ஜெர்மானியத்தினுடையது 5.658. இரண்டும் ஒன்றில் ஒன்று எந்த விகிதத்திலும் கலக்கும். பாதிப் பாதி கலந்தால் கூட்டின் நீளமும் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்கும். நார்வே நாட்டு லார்ஸ் வேகார்ட் 1921இல் சொன்ன விதி இது. கொஞ்சம் வளைந்து போகும் கலவைகளும் உண்டு, ஆனாலும் முதல் கணக்குக்கு இந்த நேர்கோடு போதும்.

இது எளிய பகுதி. சிக்கல், பூவின் அளவு ஓர் எல்லையைத் தாண்டும்போது வருகிறது. அப்போது நார் அந்தக் கட்டையே தாங்காது, கட்டும் முறையையே மாற்ற வேண்டும். படிகத்தில் அதைக் கட்டமைப்பு மாற்றம் என்கிறோம்: கனசதுரமாக இருந்தது ஒரு பக்கம் நீண்ட நாற்கோணக் கூடாகலாம், அறுகோணமாகலாம். அதையும் தாண்டினால், கூட்டுக்குள் இடம் கிடைக்காதது தனியாக ஒதுங்கி இன்னொரு பொருளாகப் படியும். தாமிர இண்டியம் காலியம் செலினைடு சூரியக்கலப் படலத்தில் தாமிரம் கொஞ்சம் கூடிவிட்டால், கூடுதல் தாமிரம் தாமிர செலினைடாகப் பிரிந்து நிற்கும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கலம் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அதே தாமிர மிகுதி, படலம் வளரும்போது படிகத் துகள்களைப் பெரிதாக வளர்த்தும் விடும். அதனால்தான் நடுக்கட்டத்தில் தாமிரத்தைக் கூட்டி, முடியும்போது குறைத்துவிடும் மூன்று கட்டச் செய்முறையை வைத்திருக்கிறார்கள். கலவை கடைசியில் எவ்வளவு என்பது மட்டும் முக்கியமில்லை, போகும் வழியில் எவ்வளவாக இருந்தது என்பதும் அமைப்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

படி 1: தராசைத் தொடும் முன் தாளில் கணக்கு

பெரோவ்ஸ்கைட் கூட்டை இப்படி மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் ஈயம், அதைச் சுற்றி ஆறு ஹாலைடு, இப்படிப்பட்ட எண்முகங்கள் மூலைக்கு மூலை கைகோத்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள குழியில் ஒரு பெரிய நேர் அயனி உட்கார வேண்டும். அது குழிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க விக்டர் கோல்ட்ஷ்மிட் 1926இல் ஒரு விகிதம் கொடுத்தார். குழி அயனியின் ஆரத்தையும் ஹாலைடின் ஆரத்தையும் கூட்டுங்கள். ஈயத்தின் ஆரத்தையும் ஹாலைடின் ஆரத்தையும் கூட்டி 1.414ஆல் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். விடை சுமார் 0.8க்கும் 1க்கும் நடுவே வந்தால் பெரோவ்ஸ்கைட் அமைய வாய்ப்பு உண்டு.

ஈயத்துக்கு 1.19 ஆங்ஸ்ட்ராம், அயோடைடுக்கு 2.20 என்று வையுங்கள். குழியில் உட்காரக்கூடிய அயனிகள் மூன்றைப் பார்ப்போம். மெத்தில்அம்மோனியம் 2.17. விடை 0.91, வசதியாக உட்காரும். ஃபார்மமிடினியம் 2.53. விடை 0.99, எல்லையில் நிற்கிறது, குழிக்குக் கொஞ்சம் பெரிது. சீசியம் 1.88. விடை 0.85, எல்லைக்குள்தான், ஆனால் குழியில் ஆடும். நிஜத்தில் என்ன நடக்கிறது? ஃபார்மமிடினியம் ஈய அயோடைடு 150 டிகிரிச் சூட்டில் கறுப்பாக வரும். அறை வெப்பத்தில் விட்டால் மெல்ல மெல்ல மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சள் பெரோவ்ஸ்கைட்டே அல்ல, எண்முகங்கள் முகத்தோடு முகம் ஒட்டிச் சங்கிலியாக நிற்கும் வேறு அமைப்பு. சீசியம் ஈய அயோடைடும் அறை வெப்பத்தில் மஞ்சள்தான், அது கறுப்பாக 300 டிகிரிக்கு மேல் போக வேண்டும்.

இப்போது இரண்டையும் கலந்து பாருங்கள். பெரிய அயனி 85, சின்ன அயனி 15 என்ற விகிதத்தில் கலந்தால் படலம் அறை வெப்பத்திலும் கறுப்பாகவே நிற்கும்! தனித்தனியாக மஞ்சளாகும் இரண்டு பொருள்கள் சேர்ந்து கறுப்பாக நிற்பதை நான் முதல் தடவை பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, சராசரி குழிக்குப் பொருந்திவிட்டது. அயனிகள் கலந்து நிற்பதால் வரும் ஒழுங்கின்மையும் கலவைக்குத் துணை நிற்கிறது. கலவை கட்டமைப்பை மாற்றும் என்பதை ஒருவருக்கு நம்ப வைக்க வேண்டுமென்றால் இந்த மூன்று துண்டுகளைக் கையில் கொடுங்கள்.

இந்த விகிதம் தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மட்டுமே. சீசியத்துக்கு எந்த ஆரத்தை எடுப்பது என்பதிலேயே நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஆனாலும் ஒரு கலவையைச் செய்யப் போகும் முன் இதைப் போட்டுப் பார்க்காமல் போகாதீர்கள், ஐந்து நிமிட வேலை.

படி 2: கையுறையும் காற்றும்

ஈயச் சேர்மங்கள் நஞ்சு. அவற்றைக் கரைக்கும் டைமெத்தில் ஃபார்மமைடு தோல் வழியே உடம்புக்குள் போகும், கருவுக்கும் ஆகாது. கருவுற்றிருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் ஆய்வகப் பொறுப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூச்சமே வேண்டாம். இடர் மதிப்பீட்டுப் படிவத்தைப் போன மாணவர் எழுதியதிலிருந்து படியெடுக்காமல் உங்கள் செய்முறைக்கு நீங்களே எழுதுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையை இந்தக் கரைப்பான் சீக்கிரம் ஊடுருவும், மேலே பட்டால் உடனே மாற்றுங்கள். ஈயக் கழிவுக்குத் தனிப் புட்டி உண்டு, தொட்டியில் ஒரு துளியும் போகக் கூடாது.

அப்புறம் ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். மெத்தில்அம்மோனியம் அயோடைடுப் பொடி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடியைத் திறந்து வைத்து எடைபோட்டால் தராசு உப்பையும் நீரையும் சேர்த்துக் காட்டும், உங்கள் விகிதம் அங்கேயே தவறிவிடும். நைட்ரஜன் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள் எடைபோடுவதே சரி. ஊரில் வேனில் காலத்தில் திறந்த மேசையில் படலம் போட்டுப் பழகியவர்கள் இங்கே வந்து அதே செய்முறைக்கு வேறு படலம் வருவதைப் பார்த்துக் குழம்புவதுண்டு. செய்முறையில் தவறு இல்லை, காற்றுதான் வேறு.

படி 3: இரண்டு கரைசல், ஆறு புட்டி

புதியவர்கள் ஆறு கலவைக்கும் தனித்தனியாக எடைபோடுவார்கள். ஆறு தடவை எடைபோட்டால் பிழையும் ஆறு தடவை. அதைவிட இரண்டே தாய்க்கரைசல் செய்துகொள்ளுங்கள்.

முதலாவதில் ஈய அயோடைடு 461 மில்லிகிராம், மெத்தில்அம்மோனியம் அயோடைடு 159 மில்லிகிராம். இரண்டாவதில் ஈய புரோமைடு 367 மில்லிகிராம், மெத்தில்அம்மோனியம் புரோமைடு 112 மில்லிகிராம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமோல். கரைப்பான், டைமெத்தில் ஃபார்மமைடு நான்கு பங்குக்கு டைமெத்தில் சல்ஃபாக்சைடு ஒரு பங்கு. இங்கே கவனம்: ஒரு மில்லிலிட்டர் கரைப்பானை ஊற்றிக் கரைத்தால் கரைசல் ஒரு மில்லிலிட்டரைத் தாண்டிவிடும், ஏனென்றால் உப்பும் இடத்தை அடைக்கும். அயோடைடுக் கரைசலில் உப்பு அதிகம், அது அடைக்கும் இடமும் அதிகம். ஆகவே முடிந்தால் குறைவாகக் கரைப்பான் ஊற்றிக் கரைத்துவிட்டு, அளவுக்குடுவையில் கோடு வரை நிரப்புங்கள். இல்லாவிட்டால் பருமனளவில் 80க்கு 20 என்று கலப்பது மோல் கணக்கில் 80க்கு 20 ஆகாது. சின்ன வேறுபாடுதான், ஆனால் எடைபோட்ட கலவைக்கும் படலத்தின் கலவைக்கும் இடைவெளி விழும் முதல் இடம் இது.

பிறகு புரோமைடு பங்கு 0, 10, 20, 30, 50, 100 விழுக்காடு வரும்படி ஆறு புட்டிகளில் கலந்து, பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். 10, 20, 30 என்று நெருக்கமாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, படி 5இல் தெரியும்.

படி 4: பூசுதல்

கண்ணாடியைச் சோப்பு நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று வரிசையாக மீயொலித் தொட்டியில் கழுவி, ஓசோன் விளக்கில் கால் மணி நேரம் வையுங்கள். கண்ணாடியில் கரைசலை விட்டுச் சுழற்றிப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 4000 சுற்று, 30 விநாடி. சுழல ஆரம்பித்துப் பத்தாவது விநாடியைச் சுற்றி குளோரோபென்சீனை ஒரே சீராக ஊற்ற வேண்டும். இது கரைப்பானை வெளியே இழுத்துப் படிகத்தை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பிறக்க வைக்கிறது. பிறகு 100 டிகிரியில் 10 நிமிடம்.

ஊற்றும் நொடியைக் கூர்ந்து பாருங்கள். நேரம் சரியாக இருந்தால் படலம் கண்ணாடி போலத் தெளிவாக நின்று, ஹாட் பிளேட்டில் வைத்ததும் ஓரத்திலிருந்து நடுவுக்கு நிறம் ஏறும். தாமதித்தால் ஊற்றுவதற்குள்ளேயே பால் கலந்தது போல் மங்கிவிடும். புரோமைடு கூடக்கூடப் படிகம் சீக்கிரம் பிறக்கும், அதனால் அந்தப் பக்கத்துப் புட்டிகளுக்கு ஊற்றும் நேரத்தை ஓரிரு விநாடி முன்தள்ள வேண்டியிருக்கும். இங்கே ஒரு நேர்மைப் பிரச்சினை வருகிறது. நேரத்தை மாற்றிவிட்டால், துகளின் அளவு மாறியது கலவையாலா, நேரத்தாலா? நான் செய்வது: எல்லாக் கலவைக்கும் ஒரே நேரத்தில் ஒரு தொடர், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான நேரத்தில் இன்னொரு தொடர். கூடு எவ்வளவு சுருங்கியது என்பது இரண்டு தொடரிலும் பொருந்தும். துகளின் அளவு பொருந்தாது. ஆகவே துகளைப் பற்றி எழுதும்போது பத்து மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

படி 5: எக்ஸ்ஆர்டி, நிதானமாக

எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு: படலத்தின் மேல் எக்ஸ் கதிரை விழவிட்டு, எந்தக் கோணத்தில் அது பலமாகத் திரும்பி வருகிறது என்று அளப்பது. அந்தக் கோணத்தில் வரைபடம் மேலெழும், அதுதான் முகடு. இந்தப் படிக்குத்தான் உங்கள் நேரத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும்.

படலத்தை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத உறையில் வைத்துக் கொண்டுபோங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் காத்திருந்து போங்கள்.

வரைபடத்தின் கீழ் அச்சில் இருப்பது கோணத்தின் இரு மடங்கு. கருவியின் தாமிரக் குழாயிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். முகடு இருக்கும் கோணத்தைப் பாதியாக்கி, அதன் சைனை இரண்டால் பெருக்கி, அலைநீளத்தை அதனால் வகுத்தால் அணுத்தளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கிடைக்கும். முழு அயோடைடுப் படலத்தில் முதல் முகடு 14.1 டிகிரிக்குப் பக்கத்தில், இடைவெளி 6.27 ஆங்ஸ்ட்ராம். முழு புரோமைடில் 14.9 டிகிரி, இடைவெளி 5.93. புரோமைடு அயனி சிறியது, கூடு சுருங்குகிறது, முகடு வலப்பக்கம் நகர்கிறது.

சரி, ஒரு படலத்தில் முகடு 14.35இல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 6.167. முழு அயோடைடிலிருந்து 0.103 குறைந்திருக்கிறது. ஓரத்துக்கு ஓரம் உள்ள வேறுபாடு 0.34. வகுத்தால் 0.30. அப்படியானால் படலத்தில் புரோமைடு 30 விழுக்காடு. எடைபோட்டது 20 என்றால்? மகிழ்ச்சியோடு எழுதி வைக்கும் முன் கண்ணாடி இருந்த உயரத்தைப் பாருங்கள்.

நானே இதில் மூன்று வாரம் இழந்திருக்கிறேன். துண்டைக் களிமண் வைத்துப் பிடிப்பியில் அழுத்தியிருந்தேன், மேற்பரப்பு இருக்க வேண்டிய தளத்திலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றிருக்கிறது. 150 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில் அவ்வளவு உயர்ந்தால் முகடு 0.076 டிகிரி வலப்பக்கம் நகரும். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் அயோடைடிலிருந்து புரோமைடு வரை முழுத் தூரமே 0.8 டிகிரிதான். ஒரு துளி களிமண், 9 விழுக்காடு புரோமைடாக வேடம் போட்டுவிட்டது.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியின் மேல் படலம் போடுவது. அந்த ஆக்சைடின் முகடு 26.5 டிகிரியில் வரும், அது இடத்தில் நிற்கவில்லையென்றால் எல்லா முகட்டையும் அவ்வளவு நகர்த்திக்கொள்ளலாம். இண்டியம் டின் ஆக்சைடுக் கண்ணாடியை இந்தத் தொடருக்கு நான் எடுப்பதில்லை, அதன் பெரிய முகடு 30.5க்குப் பக்கத்தில் வந்து புரோமைடு ஓரத்து முகட்டோடு மோதும். இரண்டாவது வழி, முதல் முகட்டை விட்டு அதன் இரட்டிப்பு முகட்டைப் பயன்படுத்துவது. அயோடைடில் 28.4, புரோமைடில் 30.1. இங்கே தூரம் 1.7 டிகிரி, உயரப் பிழை ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே கலவைக் கணக்கில் பிழை பாதியாகிவிடும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

இப்போது 10, 20, 30ஐ நெருக்கமாக வைத்ததன் காரணம். முழு அயோடைடு அறை வெப்பத்தில் கனசதுரம் அல்ல, எண்முகங்கள் சற்றுத் திரும்பி நிற்கும் நாற்கோணக் கூடு. அதற்கு அடையாளமாக 23.5 டிகிரியில் ஒரு சின்ன முகடு வரும், கனசதுரக் கூட்டில் அதற்கு இடமில்லை. புரோமைடு 20 விழுக்காட்டை நெருங்கும்போது அந்த முகடு தேய்ந்து மறையும், எண்முகங்கள் நேராகிக் கூடு கனசதுரமாகும். சின்ன முகடு என்பதால் அவசரமாக ஓட்டிய வரைபடத்தில் இரைச்சலில் மூழ்கிவிடும். 22 முதல் 25 டிகிரி வரை மட்டும் தனியாக, ஒவ்வொரு புள்ளிக்கும் சில விநாடி கொடுத்து ஓட்டுங்கள்.

12.7 டிகிரியில் முகடு வந்தால் அது ஈய அயோடைடு. அதிகம் சூடாக்கியதால் மெத்தில்அம்மோனியம் பகுதி ஆவியாகி ஈய அயோடைடு மிஞ்சியிருக்கலாம், ஈரம் பட்டுப் படலம் சிதைந்திருக்கலாம், எடைபோடும்போதே ஈய உப்பு கூடியிருக்கலாம். எது என்று பிரிக்க, ஹாட் பிளேட்டிலிருந்து இறக்கியதும் ஒரு தடவை, கிளவ் பாக்ஸில் இரண்டு நாள் வைத்து ஒரு தடவை, வெளியே இரண்டு நாள் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஃபார்மமிடினியம் படலமென்றால் 11.8 டிகிரியையும் கவனியுங்கள், அந்த மஞ்சள் அமைப்பின் கையெழுத்து அங்கே இருக்கும்.

முகட்டின் உயரத்தை வைத்து எந்தப் பொருள் எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மென்படலத்தில் துகள்கள் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கும், உயரம் அந்தப் படுக்கையைத்தான் காட்டும்.

படி 6: கலவையை வேறொரு கண்ணால் பார்ப்பது

எக்ஸ்ஆர்டியிலிருந்து கலவையைக் கணக்கிட்டு, அதே எக்ஸ்ஆர்டியை வைத்து ‘கலவை அமைப்பை மாற்றியது’ என்று எழுதினால் அது வட்டத்தில் ஓடுவது. தனியாக ஓர் அளவு வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ் கதிர் பகுப்பாய்வுதான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். இடிஎக்ஸ் என்பார்கள்.

அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. புரோமினின் எல் வரிசைக் கதிர் 1.48 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வருகிறது. அலுமினியத்தின் கே கதிரும் 1.49இல். துண்டை வைக்கும் தாங்கியே அலுமினியம், கண்ணாடியிலும் கொஞ்சம் அலுமினியம் உண்டு. மென்பொருள் இரண்டையும் குழப்பிப் புரோமினைக் கூட்டிக் காட்டும், முழு அயோடைடுப் படலத்திலும் புரோமின் இருப்பதாகச் சொல்லும். அந்தப் படலத்தை முதலில் அளந்தால் இந்தப் பொய் அங்கேயே பிடிபடும், அதனால்தான் தொடரின் இரு ஓரங்களையும் தவறாமல் செய்யச் சொல்கிறேன். 11.9இல் இருக்கும் புரோமினின் கே கதிரைப் பயன்படுத்த 20 கிலோ வோல்ட் வேண்டும், அப்போது எலக்ட்ரான் சில நூறு நானோமீட்டர் படலத்தைத் துளைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் போய்விடும். அதனால் தனி எண்களை நம்பாமல், ஈயத்துக்குப் புரோமின் எவ்வளவு, ஈயத்துக்கு அயோடின் எவ்வளவு என்று விகிதமாகப் பாருங்கள்.

எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்பிஎஸ் முறை மேற்பரப்பில் பத்து நானோமீட்டருக்குள் மட்டும் பார்க்கும். மேற்பரப்பு பெரும்பாலும் உள்ளே இருப்பதைப் போல் இருக்காது, அதைப் படலத்தின் கலவை என்று எழுதக் கூடாது. ஒளி உறிஞ்சும் விளிம்பை அளப்பது எளிது, மலிவு. முழு அயோடைடுக்கு ஆற்றல் இடைவெளி 1.6 எலக்ட்ரான் வோல்ட், முழு புரோமைடுக்கு 2.3. மூன்று அளவும் ஒரே கலவையைச் சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம்.

குறிப்பேட்டில் இதற்கு இரண்டு பத்தி போடுங்கள்: எடைபோட்ட புரோமைடு, அளந்த புரோமைடு. வரைபடம் போடும்போது கீழ் அச்சில் இரண்டாவதை வையுங்கள். எங்கள் குழுவில் புதியவர்களிடம் நான் கண்டிப்பாகக் கேட்கும் ஒன்று இது.

படி 7: வெளிச்சம் போட்டுப் பார்ப்பது

புரோமைடு 20 விழுக்காட்டுக்கு மேல் உள்ள படலத்தை வெளிச்சத்தில் வைத்தால், கலந்திருந்த ஹாலைடுகள் அயோடைடு மிகுந்த இடமாகவும் புரோமைடு மிகுந்த இடமாகவும் பிரியத் தொடங்கும். ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2015இல் இதை வெளியிட்டார்கள். ஒரே முகடு இரண்டாகப் பிளக்கும், இருட்டில் வைத்தால் மறுபடி ஒன்றாகும். படலத்தின் மொத்தக் கலவை கொஞ்சமும் மாறவில்லை, அணுக்கள் எங்கே நிற்கின்றன என்பது மாறிவிட்டது. ஆகவே அளக்கும் வரை துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். அளந்த பிறகு ஒன்றை வெளிச்சத்தில் வைத்து மறுபடி அளங்கள், அதைப் பார்க்காமல் இந்தத் தொடரை விடக் கூடாது.

மற்ற படலங்களுக்குப் போகும்போது

சில்லுத் தொழிற்சாலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பொருள்கள் வேறு, கேள்வி இதேதான். காலியம் நைட்ரைடை 1000 டிகிரிக்கு மேல் வளர்ப்பார்கள். அதில் இண்டியம் சேர்த்து நீல ஒளி தரும் அடுக்கைச் செய்ய 700, 800 டிகிரிக்கு இறக்க வேண்டும், ஏனென்றால் சூடு கூடினால் இண்டியம் படலத்தில் நிற்காமல் போய்விடும். வாயுவில் அனுப்பிய இண்டியம் வேறு, படலத்தில் தங்கிய இண்டியம் வேறு. நீல எல்இடிக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்ததற்குப் பின்னால் இந்தப் போராட்டமும் இருக்கிறது. ஒரு தட்டை அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துப் படலமாகப் படியவைக்கும் ஸ்பட்டரிங்கில், அந்த இலக்குத் தட்டின் கலவை அப்படியே படலத்துக்கு வராது, தனிமங்கள் வெவ்வேறு வேகத்தில் பெயர்ந்து, வெவ்வேறு கோணத்தில் பறக்கும்.

ஒற்றைப் படிகத் தட்டின் மேல் வளரும் படலத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சிலிக்கானின் மேல் சிலிக்கான் ஜெர்மானியம் வளர்த்தால், படலம் கீழே இருக்கும் சிலிக்கானின் இடைவெளிக்குத் தன்னை ஒடுக்கிக்கொள்ளும், பக்கவாட்டில் ஒடுங்கியதை மேல்நோக்கி நீண்டு ஈடுகட்டும். முழு ஜெர்மானியத்துக்கு வேறுபாடு 4.2 விழுக்காடு. ஜெர்மானியம் கூடக்கூட, படலம் எவ்வளவு தடிமன் வரை அந்த நெருக்கத்தைத் தாங்கும் என்பது குறையும். தாண்டினால் பிசகுக் கோடுகள் (அணு வரிசை முறியும் கோடுகள்) விழுந்து தளரும். அதனால் ஒரே ஒரு முகட்டை வைத்து ஜெர்மானியம் இவ்வளவு என்று சொல்ல முடியாது: முகடு நகர்ந்தது கலவையாலா, ஒடுக்கத்தாலா என்று அந்த ஓர் எண்ணுக்குத் தெரியாது. செங்குத்துத் தளத்தோடு சாய்ந்த தளத்தையும் அளக்கும் தலைகீழ்வெளி வரைபடத்தைக் கேளுங்கள், அதில் இரண்டும் பிரிந்துவிடும்.

ஒடுக்கமே வேண்டாம் என்றால் கலவையைத் தட்டுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கலாம். காலியம் ஆர்சனைடின் கூடு 5.653, இண்டியம் ஆர்சனைடினது 6.058, அடியில் இருக்கும் இண்டியம் பாஸ்பைடுத் தட்டினது 5.869. வேகார்டின் நேர்கோட்டில் 5.869 எங்கே விழுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். இண்டியம் 53 விழுக்காடு என்று வரும். இழையொளித் தகவல் தொடர்புக்கான ஒளியுணரிகளில் இந்த 53ஐத்தான் வளர்க்கிறார்கள். படி 1இல் போட்ட அதே வகைத் தாள் கணக்குத்தான், உங்கள் முதல் வாரத்திலேயே இதையும் போட்டுவிடலாம்.